எட்டுப் பேருக்கும் ஒரே கட்டுதான்

ஆளுக்கு ஏழு சீட்டு போடுற ஏழு சீட்டு ஸ்டட் போக்கரில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் 56 சீட்டு வேணும், அதனால் ரம்மி மாதிரி இரண்டு கட்டு கலக்கணும்னு பாலக்கோடு அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்கார். பெருக்கல் சரிதான் அண்ணா, முடிவு மட்டும் சரியில்லை. ஆட்டம் 52 சீட்டுள்ள ஒரே கட்டில்தான். இரண்டைக் கலந்தால் ஸ்பேட் ஏஸே இரண்டு வரும், எந்தக் கை பெரிசு என்ற வரிசையே குழம்பிடும்.

பெரும்பாலும் யாராவது நடுவிலேயே விலகிடுவாங்க, சீட்டு மிஞ்சும். ஒருத்தரும் விலகலைன்னா, ஆறாவது சீட்டு வரை 48 போகும். நாலு, அஞ்சு, ஆறாவது சீட்டுச் சுற்றுக்கு முன்னால் ஒவ்வொண்ணாக் கவிழ்த்து ஒதுக்கினது 3. மிச்சம் 1. ஒதுக்கினதைச் சேர்த்தாலும் 4தான். அப்போ நடுவில் ஒரே சீட்டைத் திறந்து வைப்பாங்க. அதுவே எல்லாருக்கும் பொதுவான ஏழாவது சீட்டு.

சந்தேகமிருந்தா ஜோக்கரை எடுத்துட்டு எட்டு இடத்துக்குப் போட்டு எண்ணிப் பாருங்க. பந்தயத்துக்குப் புளியங்கொட்டை போதும்.