கெட் கார்ட்டர்: கண்ணீர் வந்தும் இரக்கம் வராதவன்

1971-இல் மைக் ஹாட்ஜஸ் இயக்கிய 'கெட் கார்ட்டர்' பற்றிப் பேச்சு வந்தாலே மைக்கேல் கெய்னின் கோட்டு, கையில் துப்பாக்கி, ராய் பட்டின் இசை என்று ஸ்டைலைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் இந்தப் படம் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது வேறொன்றால். (முடிவு வரை சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

லண்டன் தாதாக்களின் அடியாள் ஜாக் கார்ட்டர். கூடப்பிறந்த ஃபிராங்க் குடித்துவிட்டு காரோட்டிச் செத்துப்போனதாகச் சேதி வருகிறது. நம்பாமல் சொந்த ஊரான நியூகாசிலுக்கு ரயிலேறுகிறான். ஃபிராங்கை நாம் பிணமாக மட்டுமே பார்க்கிறோம். பாசமழை பொழியும் ஃபிளாஷ்பேக் கிடையாது. கார்ட்டரோடு சேர்ந்து கொதிக்க நமக்கு எந்த வசதியும் செய்து தரவில்லை ஹாட்ஜஸ்.

உச்சம் அந்தப் புரொஜெக்டர் காட்சி. உள்ளூர் ரவுடிக் கும்பலோடு பழகும் கிளெண்டா என்ற பெண்ணின் கட்டிலில் படுத்தபடி ஒரு நீலப்படத்தைப் பார்க்கிறான் கார்ட்டர். அதில் ஃபிராங்கின் மகள் டோரீன். கார்ட்டருடைய மகளாகவே இருக்கலாம் என்றும் படம் கோடி காட்டுகிறது. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிகிறது. கெய்ன் எவ்வளவு பெரிய நடிகர் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காட்சி போதும். அடுத்த நிமிடமே குளியல் தொட்டியில் இருக்கும் கிளெண்டாவின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். பிறகு அவளை டிக்கியில் அடைத்து வைத்த கார் தண்ணீரில் மூழ்கும்போது அவன் முகத்தில் சலனமே இல்லை.

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். லண்டனில் தன் முதலாளிகளோடு உட்கார்ந்து ஆபாச ஸ்லைடுகள் பார்க்கும் கூட்டத்தில் இவனும் ஒருவன். அந்தப் படங்களில் இருந்த பெண்களுக்கும் வீடு இருந்திருக்கும். தன் வீட்டுப் பெண் என்றதும்தான் இவனுக்கு வலிக்கிறது. அந்த வலிகூட அவனை மாற்றவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. பழிவாங்குபவனை நியாயவானாக்கி நம்மைக் கைதட்ட வைப்பது சுலபம். ஹாட்ஜஸ் கடைசிவரை அதைச் செய்யவில்லை. அதுவரை ஆங்கிலப் படங்களில் ரவுடிகள் முட்டாள்களாகவோ கோமாளிகளாகவோதான் வந்தார்கள், அதை மாற்ற விரும்பினேன் என்று கெய்னே சொல்லியிருக்கிறார். தெற்கு லண்டனின் ஏழைப் பகுதியில் வளர்ந்தவர், அப்படிப்பட்ட ஆட்களைப் பக்கத்தில் பார்த்தவர்.

ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒளிப்பதிவாளர் வொல்ஃப்காங் சுஷிட்ஸ்கி ஆவணப்படங்களில் ஊறியவர். மதுக்கடை முகங்கள், பின்சந்துகள், நிலக்கரி படிந்த கரை எதிலும் செட் வாடை இல்லை. உள்ளூர்த் தொழிலதிபர் பிரம்பியைக் கார்ட்டர் மேலிருந்து தள்ளிவிடும், நியூகாசிலை ஒட்டிய கேட்ஸ்ஹெட்டின் டிரினிட்டி ஸ்கொயர் கார் பார்க்கை 2010-இல் இடித்துவிட்டார்கள். இப்போது படத்தில்தான் பார்க்க முடியும்.

ஃபிராங்குக்கு விஸ்கியை ஊற்றிக் கொன்ற உள்ளூர் ரவுடி எரிக்குக்கு அதே விஸ்கியைப் புகட்டிக் கொல்கிறான் கார்ட்டர். சிரித்துக்கொண்டே கடற்கரையில் நடக்கும்போது தூரத்திலிருந்து ஒரே குண்டு. சுட்டவன் நியூகாசிலுக்கு வந்த ரயிலில் அவனோடு அதே பெட்டியில் வந்தவன்! 2000-இல் ஸ்டாலோனை வைத்து அமெரிக்காவில் திரும்ப எடுத்தபோது கார்ட்டரைப் பிழைக்க விட்டுவிட்டார்கள். கெய்னே ஒரு சின்ன வேடத்தில் வந்தும் என்னால் அந்தப் படத்தை ஏற்க முடியவில்லை. இத்தனை பேரைக் கொன்றவன் மனம் லேசாகி வீடு திரும்புவான் என்றால், 1971-இல் எடுத்த கதை அதுவே இல்லை.