சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்

அமெரிக்காவில் அரசு நிலத்தில் குடியேறியவர்களின் காதலையும் நட்பையும் பற்றிய ஒரு கட்டுரையில் "கல்யாணம் செய்துகொண்டால் நிலம் இரட்டிப்பு" என்று இருப்பது பாதிதான் சரி. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் (குடியிருந்து உழுபவருக்கு அரசு நிலம் தந்த சட்டம்) 160 ஏக்கர் வரை குடும்பத் தலைவருக்கோ 21 வயது நிரம்பிய தனியாளுக்கோ கொடுத்தது. அதனால் நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்த கல்யாணமாகாத பெண்கள்கூடத் தங்கள் பெயரில் மனுப் போட்டார்கள். கணவனோடு வாழும் மனைவிக்கு அது முடியவில்லை. இருவரும் தனித்தனியே ஐந்து வருடம் குடியிருந்து பட்டா வாங்கிய பிறகு மணந்தால் 320 ஏக்கர் நிற்கும். அவசரப்பட்டால் சிக்கல்: அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருக்க வேண்டியிருந்தது, தம்பதிக்கோ ஒரே வீடுதான் கணக்கு. காதலைத் தள்ளிப்போட்டது வெட்கம் மட்டுமல்ல, நில அலுவலகமும்தான்! சகோதரிகளும் தோழிகளும் அடுத்தடுத்த நிலம் எடுத்து, எல்லைக்கோட்டின் மேலேயே குடிசை போட்டதும் உண்டு.

நட்பைப் பற்றிக் கட்டுரை சொல்லாத ஒன்று, சாட்சி. பட்டாவுக்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு போட வேண்டியிருந்தது. பிறகு "இவர் இங்கேயே இருந்தார், உழுதார்" என்று அண்டை நிலத்தார் இரண்டு பேர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக்காரரைப் பகைத்துக்கொண்டால் ஐந்து வருட உழைப்பே ஆட்டம் காணும். வெளிநாட்டவருக்குக் கூடுதல் நிபந்தனை: மனுவின்போதே குடியுரிமை கேட்கும் அறிவிப்பு, பட்டாவுக்குள் குடியுரிமை.

அவர்கள் புல்தரையை வேரோடு கட்டிகளாக வெட்டிக் கட்டிய மண் வீட்டுக்கும் கூட்டு வேலைதான். புல் பக்கம் கீழே இருக்கும்படி, இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் அடுக்குவார்கள். சுவர் காலப்போக்கில் அமுங்கும். ஜன்னல் சட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் துணி திணிக்காவிட்டால் கண்ணாடி உடையும்.