பன்னாடைக் காது

போன ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவில் ஒருவர் ஏரி, கண்மாய்களைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மைதானம் கொள்ளாத கூட்டம். நான் நாலைந்து இடத்தில் கை தட்டினேன், இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், ஒரு இடத்தில் லேசாகக் கண் கூடக் கலங்கியது. முடிந்ததும் அங்கேயே நின்று, "என்னா பேச்சு!" என்று மேடையைப் பின்னணியில் வைத்து ஒரு செல்ஃபி எடுத்துப் பதிவும் போட்டேன். உங்களில் பலர் லைக் போட்டீர்கள், நன்றி.

வீட்டுக்கு வந்தால் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி வந்ததிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவ்வளவு நேரம் அவரால் உட்கார முடிவதில்லை. இல்லாவிட்டால் எனக்கு முன்னால் கிளம்பியிருப்பார்.

"என்னடா பேசுனாரு?"

"அருமையாப் பேசுனாரும்மா."

"அது சரி. என்ன பேசுனாரு?"

நான் ஒரு ஜோக்கைச் சொன்னேன். கண்மாயை அளக்க வந்த அதிகாரி, கண்மாய் எங்கே என்று ஊர்க்காரரிடம் கேட்டாராம். "ஐயா, நீங்க நிக்கிறதே கண்மாய்லதான். அந்தா தெரியுதே, அது உங்க ஆபீஸு" என்றாராம் அவர். அம்மா சிரித்தார். "அப்புறம்?" என்றார்.

அப்புறம் ஒன்றுமில்லை. கலுங்கைப் (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) பற்றிச் சொன்னாரா, மடை திறப்பவர்களைப் பற்றிச் சொன்னாரா என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, "ஆமா, சொன்னாரு" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். சொன்னது நினைவிருந்தது. என்ன சொன்னார் என்பது இல்லை. அம்மா புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதில் வாரியார் சுவாமிகள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, போகமுடியாத பாட்டிக்கு அதை அப்படியே சொல்லிக் காட்டுவாராம். எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து வாரியார் திடீரென்று கேள்வி கேட்பார், அதனால் பயந்துகொண்டே கேட்போம் என்பார். இரண்டு டிகிரி வாங்கிய நான், ஒன்றேகால் மணி நேரப் பேச்சிலிருந்து ஒரே ஒரு ஜோக்கை எடுத்து வந்திருக்கிறேன்.

அன்றிரவு வந்த எரிச்சலில்தான் நன்னூலை எடுத்தேன். பள்ளியில் இலக்கணத்துக்காகப் படித்து வெறுத்த நூல். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுக்காரர். எழுத்து, சொல் என்று தொடங்கும் முன்பே ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும், மாணவர் எப்படிக் கேட்கவேண்டும் என்று பொதுப்பாயிரம் என்ற முன்னுரையில் பேசிவிடுகிறார். கேட்பவர்களை எட்டு வகையாக உவமை சொல்லிப் பிரிக்கிறார்: அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. முதல் இரண்டும் தலை, அடுத்த இரண்டும் இடை, மிச்சம் நாலும் கடை. ஆடு ஒரு செடியிலும் வயிறு நிறைய மேயாமல் நுனி நுனியாகக் கடித்துவிட்டுப் போகும். பேச்சுக்கு நடுவே வாட்ஸாப்பைத் திறந்து பார்க்கும் நான் அதுதான். எருமை குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் சொந்தச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, "இதுபற்றி உங்கள் கருத்து என்ன?" என்று முடிப்பவர்களை நினைத்துக்கொண்டேன். (பெயரெல்லாம் சொல்ல மாட்டேன். நண்பர் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.)

கடைசியில் வருகிற நெய்யரிதான் என்னைக் குத்தியது. நெய்யரி என்றால் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அந்தக் காலத்தில் அதைத்தான் வடிகட்டியாகப் பயன்படுத்தினார்கள். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஊரில் ஒருவரை ஒருவர் 'பன்னாடை' என்று திட்டிக்கொள்கிறோமே, அந்த வசவுக்கு இவ்வளவு பொருத்தமான ஆள் என் வீட்டுக் கண்ணாடியிலேயே இருப்பான் என்று தெரியாது. ஏரியைப் பற்றிய பேச்சு முழுவதும் ஒழுகிப் போய், ஆபீஸ் ஜோக் மட்டும் தங்கியிருக்கிறது.

நாம் பேச்சுக்குப் பேர்போன ஊர். மாலை நாளிதழைத் திறந்தால் நாலு கூட்டமாவது இருக்கும். பட்டிமன்றத்துக்கு இங்கே இருக்கும் மவுசு சினிமாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாவலர், சொல்லின் செல்வர் என்று பேசுகிறவர்களுக்குப் பட்டங்கள் கொடுத்திருக்கிறோம். நன்றாகக் கேட்பவருக்கு என்று ஒரு பட்டமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மொழி அப்படி நினைக்கவில்லை. கேள்வி என்ற சொல்லுக்குக் காதால் கேட்டு அறிவது என்றும் பொருள், வாயால் வினவுவது என்றும் பொருள். வள்ளுவர் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே வைத்தது முதல் பொருளில். உ.வே.சா. தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றுதான் சொல்கிறோம், படித்தார் என்று சொல்வதில்லை. கேட்பது ஒரு தொழில் மாதிரி இருந்திருக்கிறது. இப்போது அது மைதானத்தில் காற்று வாங்குவதற்கு ஒரு சாக்கு. இதை என்னைப் பற்றித்தான் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

சரி, மனம் ஏன் இப்படி ஓடுகிறது? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் நிக்கோல்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மனிதர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையே பல வருடம் ஆராய்ந்தவர். 1957இல் ஒரு கட்டுரையில், அமெரிக்கர்கள் சராசரியாக நிமிடத்துக்கு 125 சொற்கள் பேசுகிறார்கள், ஆனால் மூளை அதைவிட எவ்வளவோ வேகமாக ஓடும் என்று எழுதினார். சிக்கல் அந்த இடைவெளியில்தான். பேசுபவர் நடந்து வருகிறார், நம் மனம் பைக்கில் இருக்கிறது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் அப்படியே ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறது: நாளைக்குக் கட்டவேண்டிய கரண்ட் பில், முன் வரிசைக்காரர் சட்டையில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நீளும். ஒரு தடவை திரும்பி வரும்போது பேச்சாளர் வேறு தெருவுக்குப் போயிருப்பார்.

மனதைக் கட்டிப்போடு என்று நிக்கோல்ஸ் சொல்லவில்லை, அந்த மிச்ச நேரத்துக்கு வேலை கொடு என்றார். அடுத்து எங்கே போகப்போகிறார் என்று ஊகி. இதுவரை சொன்னதை மனதுக்குள் ஒரு வரியில் சுருக்கு. அவர் காட்டும் ஆதாரம் நிற்குமா என்று தட்டிப் பார். நான் முயன்று பார்த்ததில் ஊகிப்பதுதான் சுலபம். ஊகம் பலித்தால் ஒரு சந்தோஷம், பலிக்காவிட்டால் இன்னும் உஷாராகக் கேட்கிறோம். சுருக்குவது கஷ்டம். சில பேச்சுகளைச் சுருக்கினால் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது வேறு விஷயம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. பேச்சு முடிந்த உடனேயே கேட்டதில் பாதிதான் நினைவிருக்கிறது, இரண்டு மாதம் கழித்துக் கால்வாசி. நன்னூலிலும் ஒரு கால் வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் காற்கூறுதான் பிடிபடும், உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் வரும், மிச்ச அரையும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறார் பவணந்தியார். இரண்டும் வேறு வேறு கணக்கு, ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்கப் போவதில்லை. (நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று கமெண்டில் யாரும் கிளம்பவேண்டாம்.) ஆனால் எனக்கு உறைத்தது இதுதான்: பாதி வேலை கூட்டம் கலைந்த பிறகு இருக்கிறது. அந்தப் பாதியை நான் வாழ்க்கையில் செய்ததே இல்லை. பாட்டிக்குச் சொல்வதற்காகக் கேட்ட அம்மா செய்திருக்கிறார்.

செல்போனைப் பற்றியும் சொல்லவேண்டும். பதிவு செய்துகொண்டால் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். என் போனில் இப்போது பதினேழு பேச்சுகள் இருக்கின்றன, ஒன்றைக்கூடத் திரும்பக் கேட்டதில்லை. லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் ஆட்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார். சில பொருள்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார், சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுப் பொருளாகப் போட்டோ எடுத்தவை குறைவாகவே நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது போல. அது பார்ப்பதைப் பற்றிய சோதனைதான். ஆனால் ரெக்கார்டர் ஓடும்போது என் காதும் அப்படித்தான் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

குறிப்பு எடுப்பதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. கொஞ்ச நாள் நான் கோர்ட் டைப்பிஸ்ட் மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். கை கேட்டது, நான் கேட்கவில்லை. இப்போது சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு, ஒரு பேச்சுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். இடம் குறைவாக இருந்தால் எதை விடுவது என்று யோசித்துத்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய செவிடு ஒன்று உண்டு. சில வருடம் முன்பு ஒரு கருத்தரங்கில், நான் உயிராக மதிக்கும் ஒரு தலைவரைப் பற்றி ஒருவர் சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த நொடியிலிருந்து நான் மனதுக்குள் பதில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன். பிரமாதமான பதில். அதை நான் செதுக்கி முடிப்பதற்குள் அவர் பேசி முடித்து இறங்கிவிட்டார். பிறகு யூடியூபில் பார்த்தால், அது எதிர்த்தரப்பு வைக்கும் குற்றச்சாட்டாம். அடுத்த இருபது நிமிடமும் அதற்குத்தான் அவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார், என்னைவிட நன்றாக. அன்று டீக்கடையில் அவரை வெளுத்து வாங்கியிருந்தேன். கேட்டவர்களிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை.

பழி முழுவதும் கேட்பவர் தலையில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர் உரை, வாழ்த்துரை, நடுநடுவே பொன்னாடை, நினைவுப் பரிசு. சிறப்புரை வரும்போது இரவு எட்டரை, கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை வந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியில் ஒரு சொல்லோடு அடுத்த சொல் ஒட்டிக்கொள்ளும். வயதாக ஆக உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும், சத்தம் கேட்கும், சொல் தெளியாது. என் பெரியப்பா கூட்டத்துக்கு வந்து தூங்குகிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். அவருக்குக் கேட்கவில்லை, பாவம். நான் இப்போது மூன்றாம் வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக இல்லாமல், பேசுபவரின் வாய் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். சொற்பொழிவைத் தயவுசெய்து ஆறரைக்கே தொடங்குங்கள். பொன்னாடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கண்மாய்ப் பேச்சாளர் போன மாதம் நூலக வாசகர் வட்டத்துக்கு வந்தார். நாற்பது பேர் இருந்தால் அதிகம். கிளம்பும்போது அம்மாவிடம், "என்ன கேட்டுட்டு வரணும்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கண்மாய் நடுவுல ரெண்டு கல்தூண் நிக்கும்டா. அது மேல ஏறி நின்னுதான் நாங்க தண்ணிக்குள்ள குதிப்போம். அது என்னத்துக்குன்னு கேளு" என்றார்.

அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்ததில், முதல் தடவையாக ஒரு பேச்சு எனக்கு முழுசாகக் கேட்டது. தூண் எப்போது வரும், எப்போது வரும் என்று மற்றதையும் விடாமல் கேட்டிருக்கிறேன். நாற்பதாவது நிமிடத்தில் வந்தது. அது குமிழித்தூம்பு. பல நூற்றாண்டு பழைய மடை. தூண்களுக்கு இடையில் குறுக்குக் கற்கள், கீழே கல்தொட்டி. தொட்டியின் மேல் நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளைகள். மேலிருந்து அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் ஒரு வழியாகவும் வண்டல் இன்னொரு வழியாகவும் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் ஒரே சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். கண்மாய் தானாகவே கொஞ்சம் தூர்வாரிக்கொள்ளும். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் படம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வைத்து அம்மாவுக்கு விளக்கினேன். நடுவில் இரண்டு இடத்தில் எனக்கே புரியவில்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, எழுத்துகூட வெட்டியிருக்கும் அந்தக் கல்லுல" என்றார். பிறகு துளையின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஓட்டைய எதால அடைச்சாங்க? கல்லா, மரமா? மரம்னா தண்ணியில ஊறிப்போவாதா?"

நான் கேட்கவில்லை. நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதி வைத்திருக்கிறேன். வாசகர் வட்டத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவரை அடுத்து எப்போது கூப்பிடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.