எந்தப் பள்ளிக்கூடம் என்பதையும் எழுதி வாங்குங்கள்

மே மாதம் பிறந்தால் எங்கள் பள்ளி அலுவலகத்தில் இப்படி ஒரு பஞ்சாயத்தாவது வந்துவிடும். அப்பா டிசி கேட்டு எழுதிக் கொடுப்பார். மறுநாளே அம்மாவின் கடிதம் வரும்: "என்னைக் கேட்காமல் டிசி கொடுக்கக் கூடாது." இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது, பிள்ளை இருவர் பொறுப்பிலும்.

தலைமையாசிரியர் தீர்ப்பு நகலை வாங்கிப் பார்ப்பார். எந்தெந்த சனி ஞாயிறு யாரிடம், தீபாவளி யார் வீட்டில், சீர்ப் பாத்திரத்தில் எவர்சில்வர் குடம் உட்பட எது எது திரும்ப வர வேண்டும், எல்லாம் இருக்கும். படிப்புக்கு ஒரே வரி: "கல்விச் செலவைத் தந்தை ஏற்க வேண்டும்." எந்தப் பள்ளி, யார் முடிவு செய்வது, ஒத்துவராவிட்டால் என்ன? மூச்!

அப்புறம் என்ன, "ஃபீஸ் கட்டுறவன் நான்தானே" என்பார் அப்பா. "தினமும் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறவள் நான்" என்பார் அம்மா. அவருக்கு நீட் பயம், சிபிஎஸ்இதான் வேண்டும். அம்மாவுக்கோ பிள்ளை பாட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்க வேண்டும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏழாவது படிக்கிற பிள்ளை எந்த போர்டிலும் தேறிவிடும், அதை நான் தைரியமாகச் சொல்வேன். ஜூன் பாதி வரை எந்தப் பள்ளி என்றே தெரியாமல் இருப்பதைத்தான் அந்தப் பிள்ளையால் தாங்க முடிவதில்லை. இதில் காலக்கெடு வேறு. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயரைப் பதிந்துவிடுவார்கள், நேரே பத்தாவதில் சேர்ப்பது லேசில்லை.

சட்டம் இதை மறக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, குழந்தையின் பொறுப்போடு படிப்பைப் பற்றியும் உத்தரவிடலாம் என்கிறது, கூடுமானவரை குழந்தையின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. வழக்கு நடக்கும்போது படிப்பு குறித்து மனுப் போட்டால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் மனுப் போடலாம்தான். ஆனால் பள்ளி திறக்கும் தேதி வாய்தாவுக்காகக் காத்திருக்காது.

அதனால் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள். எட்டாவது வரை எந்தப் பள்ளி, மாற்றுவதாக இருந்தால் ஜனவரிக்குள் சொல்ல வேண்டும், வேன், டியூஷன் காசு யாருடையது, இருவரும் முட்டிக்கொண்டால் கடைசி வார்த்தை யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். விடாதீர்கள். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் அதனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பள்ளிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தந்தை பிள்ளையைக் கவனிக்காத நிலையில், அவர் உயிரோடு இருந்தாலும் தாய் இயற்கைக் காப்பாளராக, அதாவது சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பானவராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999லேயே கீதா ஹரிஹரன் வழக்கில் சொல்லிவிட்டது. இன்னும் "அப்பா கையெழுத்து எங்கே?" என்று கேட்கிற ஆபீஸ் அறைகள் இருக்கின்றன. மார்க், ஃபீஸ், லீவு எல்லாம் இருவர் போனுக்கும் போகட்டும் என்று எங்கள் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். சாஃப்ட்வேரில் ஒரு நம்பர்தான் ஏறுமாம்.