ஒட்டிய படம் வேறு, செய்த சோதனை வேறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பேச்சாளர் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் பெப்பர்டு அந்துப்பூச்சியைச் செத்த பின் மரத்தில் ஒட்டிப் படம் எடுத்தார்களாம், ஆகவே இயற்கைத் தேர்வே மோசடியாம். அந்தப் பூச்சியில் கறுப்பும் உண்டு, வெளிர்நிறமும் உண்டு; மரத்தின் நிறத்தோடு ஒத்துப்போவது பறவைக்குத் தப்பிப் பெருகும் என்பதுதான் பாடம். அரங்கமே கைதட்டியது. உயிரியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் நான், எனக்குப் பொறுக்கவில்லை.

படம் வேறு, சோதனை வேறு. இரண்டு நிறமும் அருகருகே தெரியட்டும் என்று ஒட்டி எடுத்த படங்கள் உண்டு. அவற்றை வைத்து யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. 1953இல் பர்மிங்காம் அருகே, புகைக்கரி படிந்த காட்டில் பெர்னார்டு கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் சோதனைக்கு விட்டவை உயிருள்ள பூச்சிகள். இறக்கையின் அடியில் வண்ணப்புள்ளி வைத்து விட்டு, இரவில் திரும்பப் பிடித்தார். கறுப்பில் 27.5 சதவீதம் கிடைத்தன, வெளிர்நிறத்தில் 13தான். 1955இல் புகை படாத டார்செட் காட்டில் கணக்கு தலைகீழ்: வெளிர் 12.5, கறுப்பு 6.3. ஒட்டிய பூச்சியா பறந்துவந்து பொறியில் விழுந்தது?

பறவை தின்பதை யார் கண்டார் என்கிறார்கள். எங்கள் பள்ளி வராந்தாவில் இரவெல்லாம் விளக்கு எரியும். விடிந்ததும் வெள்ளைச் சுவரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை மைனா ஒவ்வொன்றாகக் கொத்தும். இறக்கைகள் மட்டும் தரையில் கிடக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது தெரியும்.

"கெட்டில்வெல் பகலில், மரத்தண்டில், நெருக்கமாக விட்டாரே?" உண்மை, நியாயமான கேள்வி. ஆனால் அதை எழுப்பியவர்களே பூச்சியியலாளர்கள்தானே! அவர்களில் ஒருவரான மைக்கேல் மஜெரஸ் கேம்பிரிட்ஜில் தம் தோட்டத்திலேயே சோதனையைத் திருத்திச் செய்தார். இரவில் கிளையைச் சுற்றிய வலைக்குள் பூச்சியை விட்டு, அது தானே இடம் தேடி அமர்ந்த பின், விடியுமுன் வலையை எடுத்துவிடுவார். சூரியன் உதித்து நான்கு மணி நேரம் கழித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். ஆறு ஆண்டுகள், 4,864 பூச்சிகள். காற்று தூய்மையாகிவிட்ட அந்த ஊரில் கறுப்பே அதிகம் தின்னப்பட்டது. "பூச்சி பூச்சியாகத்தானே இருக்கிறது, வேறு உயிராக மாறவில்லையே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இங்கே சோதித்தது அதுவல்ல, பறவை எந்த நிறத்தை அதிகம் தின்கிறது என்பதைத்தான்.

மஜெரஸ் 2009இல் இறந்துவிட்டார். அவருடைய கணக்கைச் சக ஆய்வாளர்கள் 2012இல்தான் வெளியிட்டார்கள். குறை சொன்னதோடு நில்லாமல் ஆண்டுக்கணக்கில் விடியலில் எழுந்து மரம் ஏறிய மனிதர் அவர். அவர் பெயரைக்கூட உச்சரிக்காமல் ஒரு மேடை மோசடி என்கிறது, ஆசிரியர்களும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். என் சக ஆசிரியர்களே, உங்களிடம்தான் எனக்குக் கோபம்.