புதுமை வேண்டுமென்றால் முதலில் கீழே இருப்பவரைப் பேச விடுங்கள்

பொதுச் சேவையில் புதுமை என்று பேச்செடுத்தாலே புதுச் செயலி, புது இயந்திரம், திறப்பு விழா என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம். ஒரு வார்டில் எது இடிக்கிறது என்பது அங்கே இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்குத் தெரியும். படிவத்தின் எந்தக் கட்டத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்பது கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களாக வாய் திறந்தாலும் "உங்க வேலையை மட்டும் பாருங்க" என்ற பதில்தான் வரும். இரண்டு முறை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர் மூன்றாவது முறை எதற்குச் சொல்லப்போகிறார்?

1971. வங்கதேச விடுதலைப் போர் நடக்கிறது. எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா. மேற்கு வங்கத்தில் எல்லையோரம் இருக்கும் பங்காவ் மருத்துவமனையில் படுக்கை போதாமல் நோயாளிகள் தரையில் கிடக்கிறார்கள். வாந்தியும் பேதியுமாக இருக்கும் அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அந்த டிரிப்ஸ் பாட்டில்களும் தீர்ந்துகொண்டே வருகின்றன. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதைப் பொட்டலமாகக் கட்டி வரவழைத்து, டிரம்மில் கரைத்து, நோயாளியின் அம்மாவிடமோ அண்ணனிடமோ கோப்பையைக் கொடுத்து "விடாமல் குடிக்க வையுங்கள்" என்றார். வாய்வழிக் கரைசல் வேலை செய்யும் என்பது அதற்கு முன்பே ஆய்வுகளில் தெரிந்ததுதான். மருத்துவப் பயிற்சி இல்லாத குடும்பத்தினரை நம்பி அதை ஒப்படைப்பதில்தான் பலருக்குத் தயக்கம் இருந்தது. அவர் நம்பினார். 30 விழுக்காடு வரை போன இறப்பு, அவர் பார்த்த முகாமில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைப்பது அடுத்து நடந்ததை. உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா முகாமுக்கே நேரில் வந்து பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், மற்றவர்கள் சந்தேகப்பட்ட காலத்திலும் அந்த முறைக்காக வாதாடினார். மேலே இருப்பவர் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். வந்து பார்க்க வேண்டும், நல்லதாக இருந்தால் தோள் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கென்று உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என மூன்று முறை நின்று, வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. ஒருமுறை பேர் சொல்லி வாய் திறந்த இளைய செவிலியருக்கு, பிறகு "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்லும் தைரியம் வரும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்த முடிவு 2009இல் வெளியானது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகக் குறைந்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதே முறையை 2010இல் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது. ஏறத்தாழ எல்லா மருத்துவமனைகளும் பின்பற்றுவதாகவே அறிக்கை கொடுத்தன. 101 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வந்தபோது, இறப்பிலோ சிக்கல்களிலோ சொல்லிக்கொள்ளும்படியான குறைவு இல்லை. ஏன் என்று வல்லுநர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். என் வாசிப்பு இது: முதல் எட்டு இடங்களில் குழுக்களோடு உட்கார்ந்து, பயிற்சி கொடுத்து, தங்கள் அறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விட்டார்கள். மேலிடத்து உத்தரவாக வரும்போது டிக் அடிக்கும் தாள் மட்டும் போய்ச் சேருகிறது, நின்று கேட்கும் பழக்கம் போய்ச் சேருவதில்லை. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது புரியும்.

தவறைச் சொல்ல விடுவது இன்னும் பெரிய விஷயம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மருந்துக் குப்பிகள். ஒரே அளவு, ஒரே நிற மூடி. கை ஒன்றை நோக்கிப் போய், கடைசி நொடியில் லேபிளைப் படித்து நின்றுவிடுகிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதை அந்தச் செவிலியர் மேலே சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பாலான இடங்களில் அவருக்கு மெமோ. அதனால் அவர் சொல்லமாட்டார், குப்பிகள் அதே இடத்தில் இருக்கும், அடுத்த வாரம் அசதியில் இருக்கும் வேறொருவர் கை நிற்காமல் போகலாம். விமானத் துறை இதை எப்போதோ புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தங்கள் தவறுகளை எழுதி அனுப்ப ஓர் அமைப்பு இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் அதை விடாமல் நாசாவிடம் கொடுத்தார்கள். அனுப்பியவர் யார் என்ற அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். தெரிந்தே செய்த குற்றத்துக்கு இதில் இடமில்லை. கைத்தவறுக்கு இடம் உண்டு.

நல்லது பரவுவதற்கு ஆகும் காலம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படித்தான் தொடங்கியது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு 25 விழுக்காடு குறைகிறது என்று ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. பிறந்த உடனே தொடங்குங்கள் என்ற உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை 2022இல் வந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல்! சான்று கேட்பது சரி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் செலவே இல்லாத ஒரு முறையைச் சோதித்துப் பார்க்க ஆர்வம் காட்டும் நிறுவனங்கள் குறைவு. விற்க ஒன்றும் இல்லையே. இந்த இடத்தில்தான் பொதுப்பணம் வந்து நிற்க வேண்டும்.

அரசு அலுவலகங்களுக்கும் இதே கதைதான். காகிதப் படிவத்தை அப்படியே திரையில் ஏற்றிவிட்டு டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்கிறார்கள். எஸ்டோனியா 2001இல் துறைகளின் தரவுத்தளங்களை எக்ஸ்-ரோடு என்ற அமைப்பால் இணைத்தது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மக்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்பது அங்கே கொள்கை. பத்துத் துறைக்குப் பத்து முறை பிறப்புச் சான்றிதழ் நகல் கொடுத்து அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்த முறை எந்த அரசாவது, எந்த மருத்துவமனையாவது புதுமைத் திட்டம் என்று அறிவித்தால் நான் மூன்றைத்தான் தேடுவேன். பணி நேரத்துக்குள்ளேயே யோசிக்கவும் சோதிக்கவும் ஊழியருக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? சோதனை தோற்றால் அவரது பதவி உயர்வில் கை வைக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா? வெற்றி பெற்றதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோகப் பணமும் ஆளும் ஒதுக்கியிருக்கிறார்களா? உங்கள் துறையில் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் கமென்டில் எழுதுங்கள், எப்படிச் சாத்தியமாயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.