சொந்த ஜாமீனையும் சேர்த்திருக்கலாம்

ஜாமீன், முன்ஜாமீன், ரிமாண்ட் மூன்றையும் உங்கள் கட்டுரை தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது, நன்றி. ஆனால் ஏழைக் குடும்பங்களுக்கு அதிகம் உதவும் இரண்டு விஷயங்கள் விடுபட்டுவிட்டன.

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உரிமை, யாருடைய தயவும் இல்லை. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், கைதானவரை வசதியில்லாதவராகக் கருதி சொந்த ஜாமீனிலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பிணையில், விட வேண்டும். இது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 478-வது பிரிவிலேயே இருக்கிறது. தெரியாமல் எத்தனை பேர் வட்டிக்குக் கடன் வாங்கி அலைகிறார்கள்!

அப்புறம், அதே சட்டத்தின் 187-வது பிரிவு. 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத சிறை என்றால் 90 நாள். இது தானாக நடக்காது, மனு போட வேண்டும். மனு போடுவதற்கு முன்பே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போச்சு. வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.